கொறங்காட்டுக் களை: மேய்ப்பதா, படலைச் சாத்துவதா, மருந்தடிப்பதா?

"நாலு ஏக்கர் கொறங்காடு இருக்குதுங்க மாமா. அப்பாரு காலத்துல கொழுக்கட்டைப்புல் முழங்காலுக்கு மேல நிக்கும். இப்பப் பாதிக்கு மேல பார்த்தீனியம், வேலியோரமெல்லாம் சீமைக்கருவேலம். இன்னும் பத்து ஆட்டை ஏத்தி மேய்ச்சா அடங்குமா? இல்ல ரெண்டு வருசம் படலைச் சாத்திப் போட்டுறட்டுமா?"

மூலனூர்ப் பக்கம் இருக்கும் என் மாப்பிள்ளை முறைக்காரர் போன மாதம் கேட்டது. இதே கேள்வியை வெள்ளகோவிலிலும் தாராபுரத்திலும் வேறு வேறு வாயால் கேட்டுவிட்டேன். கேட்கிறவர் ஒவ்வொருவருக்கும் பக்கத்துக் காட்டுக்காரர் ஒரு யோசனை சொல்லியிருப்பார், மருந்துக்கடைக்காரர் ஒன்று சொல்லியிருப்பார், ஜேசிபி வைத்திருப்பவர் இன்னொன்று. எல்லாவற்றையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காக நாலு வரி. கொறங்காடு என்பது காங்கயம், தாராபுரம், கரூர் வட்டாரத்து மானாவாரி மேய்ச்சல் காடு. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, அதில் திறந்து சாத்துகிற வாசல் தட்டிதான் படல், உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரம். புல்லுக்கிடையில் செப்பு நெருஞ்சி, நரிப்பயறு மாதிரிச் சின்னக் கொடிகள். பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே காற்றுதான் அதிகம், மழை கம்மி. வருசத்துக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்கிற இந்தச் சரளை மண்ணில் காங்கயம் மாட்டையும் மேச்சேரி ஆட்டையும் வளர்த்தது இந்தப் புல்தான்.

## முதலில் எதைப் பார்க்க வேண்டும்

மாடு எத்தனை, ஆடு எத்தனை என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். நான் அங்கே ஆரம்பிக்க மாட்டேன். முதல் கேள்வி, உங்கள் காட்டில் மழை பெய்கிற அன்றைக்கு எவ்வளவு தரை வெறுமையாகக் கிடக்கிறது என்பது.

பார்த்தீனியத்தின் பிழைப்பு முழுக்க அந்த வெறுந்தரையில்தான். ஈரமும் வெளிச்சமும் கிடைத்தால் எந்த மாதத்திலும் முளைக்கும். முளைத்து ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய ஆனால் பூத்துவிடும். நன்றாக வளர்ந்த ஒரு செடி 15,000 விதைக்கு மேல் உதிர்க்கும். மண்ணுக்குள் போன விதை வருசக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆனால் அடர்ந்த புல்தூருக்குக் கீழே நிழலில் முளைத்தால் சவலைக் கன்று மாதிரி நின்று போகும். புல்லோடு போட்டி போட அதற்குத் தெம்பு கிடையாது. புல்லில்லாத இடத்தைப் பிடிக்கிற வேகம்தான் அதன் பலம்.

இரண்டாவது, புல்லின் வேர். கொழுக்கட்டைப்புல் தூர்கட்டும் புல். மேலே மேய்ந்தால் அடியில் சேர்த்து வைத்திருக்கும் சத்தை வைத்துத் திரும்பத் தழைக்கும். தழைத்த இலை அந்தச் சத்தைத் திருப்பிச் சேர்ப்பதற்குள் மறுபடியும் கடித்தால் வேர் சுருங்கும். திரும்பத் திரும்பக் கடித்தால் தூரே செத்துப்போகும். தூர் செத்த இடம்தான் மேலே சொன்ன வெறுந்தரை.

மூன்றாவதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் களை எது? பார்த்தீனியமும் சீமைக்கருவேலமும் எதிர்த்திசையில் நடக்கிற இரண்டு களைகள். ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்குத் தீனி ஆகும். அப்புறம் முதல் வருசம் கைவிட்டுப் போகும் காசு, கிடைக்கிற ஆள். இந்த ஐந்தையும் வைத்துக்கொண்டு வழிகளைப் பார்ப்போம்.

## வழி 1: ஆட்டை ஏற்றி மேய்த்தே தீர்ப்பது

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆடு தின்றால் செடி குறையும். ஆனால் ஆடு எதைத் தின்கிறது என்று ஒரு நாள் பின்னாலேயே நடந்து பாருங்கள். முதலில் செப்பு நெருஞ்சி, நரிப்பயறு. அடுத்தது இளம்புல். அதற்கப்புறம் பழம்புல். பார்த்தீனியத்தை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். வேறு வழியே இல்லாமல் பசித்த மாடு தின்றால் பால் கசக்கும், வாயும் தோலும் புண்ணாகும். ஆக, ஆட்டை ஏற்றுவது என்றால் பார்த்தீனியத்தின் எதிரியை மட்டும் பொறுக்கி எடுத்துக் கொடுப்பது என்று அர்த்தம். நாம் கூலி வாங்காமல் களைக்குக் களையெடுக்கிறோம்.

கால்நடைக்குக் கால்நடை வாய் வேறு என்பதையும் பார்க்க வேண்டும். மாடு நாக்கால் சுருட்டி இழுக்கும். தரையோடு ஒட்ட மேய அதற்கு வராது. செம்மறி உதட்டால் பொறுக்கி அடித்தூர் வரைக்கும் போகும். வெள்ளாடு தலையைத் தூக்கி வேலித்தழையைத் தேடும், கிளுவையையும் விட்டுவைக்காது. மாட்டுக்குத் தாங்கின காடு செம்மறிக்குத் தாங்காமல் போவது இதனால்தான். காங்கயம் மாடு குறைந்து ஆட்டுப்பட்டி பெருத்த ஊர்களில் வருசம் முழுக்கப் படல் திறந்தே கிடக்கிறது. களை எங்கிருந்து வந்தது என்று அங்கே ஆராய வேண்டியதில்லை.

நானே செய்த கூத்து இது. ஒரு வருசம் சோளத்தட்டு விலை ஏறிக் கிடந்தது. புரட்டாசியில் ரெண்டு மழை விழுந்து புல் பச்சை காட்டின நாலாம் நாளே பட்டியைத் திறந்துவிட்டேன். பத்து நாள் தட்டுச் செலவு மிச்சம். கார்த்திகையில் காடு முழுக்கப் பார்த்தீனியத்தின் வெள்ளைப் பூ. அதைப் பிடுங்கின கூலியில் அந்தத் தட்டை இரண்டு தடவை வாங்கியிருக்கலாம். பிடுங்கின பெண்களில் ஒருத்தருக்குக் கை தடித்து, அதற்கு ஆஸ்பத்திரிச் செலவு தனி.

சீமைக்கருவேலத்துக்கோ இது இன்னும் மோசம். காய் இனிப்பு, ஆடு மாடு ஓடி ஓடித் தின்னும். விதை செரிக்காது. வயிற்றுக்குள் போய்க் கடினத் தோல் இளகி, சாணத்தோடு உரமும் சேர்த்து விழும். வெளியூர்ப் பட்டி வந்து காட்டில் தங்கினால் எருவோடு இதுவும் வரும். (வெள்வேலங்காயும் இதே வழியில்தான் பரவுகிறது. ஆட்டுக்குத் தெரிந்தது இனிப்பு மட்டும். நாட்டுமரமா சீமைமரமா என்று அது பார்ப்பதில்லை.)

இந்த வழிக்கும் ஒரு இடம் உண்டு. புல் நன்றாக அடர்ந்து, களை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்து, மாசி பங்குனியில் புல் காய்ந்து நிற்கும்போது கொஞ்ச நாள் கூட்டமாக விட்டு எடுப்பதில் தப்பில்லை. காய்ந்த புல்லின் சத்து அப்போது அடியில் இருக்கிறது, மேல் இலை போனால் பெரிய நட்டமில்லை. பாதிக் காடு களையாகிவிட்ட பிறகு இது வழியே இல்லை.

## வழி 2: படலைச் சாத்திப் போடுவது

முதல் வருசம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். தூர் பெருக்கும், கதிர் விடும், விதை உதிரும். உயிர்த்தூர் அங்கங்கே இருந்தால் ஒரே ஐப்பசி கார்த்திகையில் வெறுந்தரை பாதியாகிவிடும். பார்த்தீனியத்தைப் பொறுத்தவரை இதைவிட மலிவான மருந்து கிடையாது.

இரண்டாவது வருசத்தில்தான் வினை. மேயாத புல் தூருக்குள்ளேயே காய்ந்து சாம்பல் நிறமாகும். புதுக் குருத்துக்கு வெளிச்சம் கிடைக்காது. அந்தப் பழந்தூரை அப்புறம் மாடுகூடத் தொடாது. கோடையில் பீடித்துண்டு ஒன்று விழுந்தால் வேலியோடு போகும். எல்லாவற்றையும்விட, ஆள் நடமாட்டம் இல்லாத காட்டில் சீமைக்கருவேலக் கன்று யார் கண்ணிலும் படாமல் வளரும். முதல் வருசம் இரண்டு விரலால் பிடுங்கக்கூடிய செடி, மூன்றாம் வருசம் கடப்பாரை கேட்கும்.

மறைந்திருக்கும் செலவு: மேய்ச்சல் குத்தகை போகும். உங்கள் உருப்படிகளுக்கு வெளியே தீனி வாங்க வேண்டும். அதைவிடப் பெரிய விசயம், அந்த ஆடுகள் எங்காவது மேய்ந்தாக வேண்டும். ஒரு துண்டைப் பூட்டிவிட்டு அதன் சுமையை அடுத்த துண்டில் ஏற்றினால் களை இடம் மாறும், அவ்வளவுதான்.

யாருக்குச் சரி? காட்டில் சீமைக்கருவேலம் இல்லாதவருக்கு. உருப்படிகளுக்கு வேறு போக்கிடம் இருக்கிறவருக்கு. அதுவும் ஒரு மழைக்காலத்துக்கு மட்டும். திருப்பூரிலோ சென்னையிலோ இருந்துகொண்டு பூட்டிப் போடுகிறவர்கள் தை மாதம் ஒரு தடவையாவது மண்வெட்டியோடு வந்து நடந்து பார்க்க வேண்டும்.

## வழி 3: துண்டு போட்டு மாற்றி மேய்ப்பது

என் சாய்வு இந்தப் பக்கம் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கொறங்காடு என்ற ஏற்பாடே இதற்காக வந்ததுதான். இல்லாவிட்டால் கிளுவை வேலி போட்டுச் சின்னச் சின்னத் துண்டுகளாக எதற்கு அடைத்தார்கள்? அடுத்தவன் ஆடு வரக்கூடாது என்பது பாதிக் காரணம். நம் ஆட்டையே நினைத்த நாளில் வெளியே நிறுத்தலாம் என்பது மீதி.

நடைமுறை இப்படி. முதல் நல்ல மழைக்கு அப்புறம் நான்கிலிருந்து ஆறு வாரம் எந்தத் துண்டையும் திறக்காமல் இருப்பதுதான் உயிர்நாடி. முடியாவிட்டால் எது ஏற்கெனவே கெட்டதோ அதையாவது சாத்தி வையுங்கள். திறக்கும்போது மாட்டை முதலில் விடுங்கள், அது மேல்புல்லை எடுக்கும். அதன் பின்னால் கொஞ்ச நாள் மட்டும் செம்மறி. புல் அரைச் சாண் உயரத்துக்கு வந்ததும், ஆடு இன்னும் தின்கிறதே என்று பார்க்காமல் அடுத்த துண்டுக்கு ஓட்டிவிட வேண்டும். நாள் கணக்கு வேண்டாம். மழைக்காலத்தில் புல் வேகமாகத் திரும்பும், கோடையில் திரும்பவே திரும்பாது. தூரைப் பார்த்துத்தான் முடிவு.

ஓய்வு கிடைக்கிற துண்டில் பார்த்தீனியம் முளைக்காதா என்றால் முளைக்கும். அதைப் பூ வைப்பதற்கு முன்னால் மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு இழுக்க வேண்டும். கையுறை இல்லாமல் தொடக்கூடாது. முதல் வருசம் இந்தக் கூலி கடிக்கும். புல் அடைய அடைய ஒவ்வொரு வருசமும் குறையும். கூலி குறைந்துகொண்டே போகிற வழி இந்த நான்கில் இது ஒன்றுதான்.

சும்மா கிடைக்கிற ஒரு துணையும் இருக்கிறது. பார்த்தீனிய இலையை மட்டும் தின்கிற மெக்சிகோ வண்டு ஒன்றை 1984இல் பெங்களூரில் விட்டார்கள். அது பெருகி இந்தப் பக்கமெல்லாம் வந்துவிட்டது. மழை உள்ள மாதங்களில்தான் அதற்கு வேலை, வறண்டால் மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். நம் காட்டுக்கு அதை மட்டும் நம்ப முடியாது. ஆனால் கண்டால் விடுங்கள், மருந்தடித்துக் கொல்ல வேண்டாம்.

இதன் நிஜமான செலவு வேலி. கிளுவை செத்த இடத்தில் கம்பி போடலாம், காசு. கிளுவைப் போத்து (வெட்டின கிளை) நட்டால் காசு கம்மி, ஆனால் ஆடு தாண்டாத வேலியாக மாற மூன்று நான்கு வருசம் ஆகும். அதுவரை படலும் முள்ளும் வைத்து ஒப்பேற்ற வேண்டும். இன்னொன்று தினப்படிக் கவனம். மேய்க்கிறவருக்குப் படலைத் திறந்துவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் சாய்வதுதான் சுலபம். துண்டு மாற்றி மாற்றி ஓட்டுவதற்கு அவருக்கு ஒரு காரணம் வேண்டும். குத்தகைக்கு விட்டிருந்தால் 'ஐப்பசி வரைக்கும் கீழ்க்காட்டைத் திறக்கக்கூடாது' என்பதைக் குத்தகை பேசும்போதே பேசிவிடுங்கள். பின்னால் சொன்னால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

சீமைக்கருவேலத்துக்கு மாற்றி மேய்ப்பது மட்டும் போதாது. காய் உதிரும் கோடை மாதங்களில் அந்த மரத்தடிக்கு ஆட்டை விடக்கூடாது. காய் தின்ற பட்டியைச் சுத்தமான துண்டுக்கு ஓட்டுவதற்கு முன்னால் ஒரு வாரம் அடைப்பில் வைத்தால் விதை பெரும்பாலும் அங்கேயே விழுந்துவிடும்.

## வழி 4: மருந்து, ஜேசிபி, ஏர்

மூன்றையும் ஒன்றாகச் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. மூன்றும் களையை எடுக்கும், மூன்றுமே பின்னால் வெறுந்தரையை விட்டுப் போகும்.

கிளைபோசேட் என்கிற களைக்கொல்லி புல்லையும் சேர்த்துக் கொல்லும். கொறங்காட்டுக்கு அது ஆகாது. தவிர 2022 அக்டோபரிலிருந்து அதைப் பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்கள் வழியாகத்தான் அடிக்க வேண்டும் என்று மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. 2,4-டி அகன்ற இலைச் செடியைக் கொன்று புல்லை விட்டுவிடும். கேட்க அருமை. ஆனால் செப்பு நெருஞ்சியும் நரிப்பயறும் அகன்ற இலைதான். அவை போனால் ஆட்டுக்குப் புரதம் போச்சு. காற்றடிக்கிற நம் சீமையில் மருந்து பக்கத்துக் காட்டுப் பருத்தி மேல் பட்டால் இலை சுருண்டு, பஞ்சாயத்து வரைக்கும் போகும். முருங்கைக்காரர், தக்காளிக்காரர் பக்கத்தில் இருந்தாலும் இதே பயம்தான். லிட்டருக்கு 200 கிராம் சாப்பாட்டு உப்பைக் கரைத்து, ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து அடிப்பது தடத்தோரத்துக்கும் வீட்டுப் பக்கத்துக்கும் சரி. புல் வேண்டும் என்கிற மண்ணில் உப்பைக் கொட்டாதீர்கள்.

ஜேசிபி சீமைக்கருவேலத்துக்கு வேலை செய்யும். வெட்டினால் போகாத மரம் அது. வெட்டின அடியிலிருந்து ஒன்றுக்கு ஐந்தாகக் கிளைக்கும். மொட்டு கட்டியிருக்கும் வேர்க்கழுத்து ஒரு அடி ஆழம் வரைக்கும் உள்ளே இருக்கிறது, அதோடு தோண்டி எடுத்தால்தான் தீரும். விறகும் கரியும் கொஞ்சம் செலவை ஈடுகட்டும். ஆனால் வண்டி திரும்பின இடமெல்லாம் புல்தூர் புரண்டு கிடக்கும். அடுத்த மழையில் கருவேலம் நின்ற இடத்தில் பார்த்தீனியம் நிற்கும். முந்தின காட்டில் ஓடின வண்டியின் சக்கர மண்ணிலேயே விதை வரும். எடுத்த கையோடு புல் விதை போட முடியாது என்றால் ஜேசிபியைக் கூப்பிடாதீர்கள். மரம் கொஞ்சம் என்றால் கார்த்திகை ஈரத்தில் ஆள் வைத்துத் தோண்டுவதே மேல்.

ஏர் ஓட்டி விதைப்பது பழைய முறைதான். புல் அறவே செத்த துண்டுக்கு வேறு வழியும் இல்லை. கொழுக்கட்டை விதை அறுத்த உடனே போட்டால் சரியாக முளைக்காது, ஆறேழு மாதம் உறங்க வேண்டும். பஞ்சு மாதிரி பறக்கும். ஈரமணலோடு பிசைந்து, மழைக்கு முன்னால் மேலாகத் தூவி, முள் இழுத்து மூடினால் போதும், ஆழம் கூடாது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் நீலக்கொழுக்கட்டை கோ-1 இருக்கிறது. பக்கத்துக் காட்டில் நல்ல புல் இருந்தால் அந்த விதையே நம் மண்ணுக்குப் பழகினது. விதை வாங்கும் முன்னால் கையில் கொட்டிப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பார்த்தீனியம் பெருகினது 1960இல் அமெரிக்காவிலிருந்து வாங்கின புல் விதையோடு கலந்து வந்ததால்தான். இன்றைக்கு அங்கே மாட்டுப் பண்ணைக்காரர்களுக்குச் சொல்லும் முதல் யோசனை, புல்லை ஒட்ட மேய்க்காதே என்பது. அந்த ஊரில் அந்தப் புல்லே நம் கொழுக்கட்டைதான் என்பது கூடுதல் வேடிக்கை. அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் அதே கொழுக்கட்டை ஊடுருவின களை, தீயை இழுத்துவந்து அவர்கள் கள்ளிமரத்தை எரிக்கிறது. அமெரிக்கக் கண்டத்துச் சீமைக்கருவேலம் நமக்கு எமன், நம் புல் அவர்களுக்கு எமன்.

## ஒரு பார்வையில்

| | ஏற்றி மேய்த்தல் | பூட்டுதல் | மாற்றி மேய்த்தல் | மருந்து / ஜேசிபி / ஏர் |
|---|---|---|---|---|
| வெறுந்தரை | கூடும் | முதல் வருசம் நன்கு குறையும் | மெல்லக் குறையும் | விதைக்காவிட்டால் கூடும் |
| புல்லின் வேர் | சுருங்கும் | தேறும், பின்பு தூர் அடைத்துக்கொள்ளும் | தேறும் | வேலையைப் பொறுத்தது |
| பார்த்தீனியம் | பெருகும் | அடங்கும் | அடங்கும், முதலில் கைக்களை வேண்டும் | போய்த் திரும்ப வரும் |
| சீமைக்கருவேலம் | சாணத்தில் பரவும் | மறைந்து வளரும் | காய்க்காலக் காவலும் மண்வெட்டியும் வேண்டும் | வேரோடு எடுத்தால் போகும் |
| முதல் வருசக் காசு | கம்மி | குத்தகை இழப்பு, தீனி | வேலி, களைக்கூலி | அதிகம் |
| ஆள், கவனம் | தேவையில்லை | தை மாதம் ஒரு நடை | தினமும் | சில நாள் மட்டும் |

உண்ணிச்செடியை (லாண்டனா) இதில் சேர்க்கவில்லை. அது சத்தியமங்கலம் மலைப்பக்கத்துத் தலைவலி, சமவெளிக் கொறங்காட்டில் வேலியோரத்தோடு நின்றுவிடும். மாடு தின்றால் ஈரல் கெடும் என்பதால் கண்ட இடத்தில் தோண்டிவிடுங்கள்.

## மாப்பிள்ளைக்குச் சொன்னது

நாலு வழியில் ஒன்றை எடு என்று நான் சொல்லவில்லை. நாலு ஏக்கரும் ஒரே மாதிரி கெடவில்லை.

போய் நடந்து பார்த்தோம். தடத்தை ஒட்டின மேற்கு ஏக்கரில் புல்தூர் பத்தடிக்கு ஒன்றுகூட இல்லை. அதை ஏர் ஓட்டி விதைத்து, ஒரு மழைக்காலம் பூட்டுவது. நடு இரண்டு ஏக்கரில் தூர் இருக்கிறது, இடையிடையே பார்த்தீனியம். படல் இரண்டு சேர்த்து மாற்றி மேய்த்து, ஐப்பசியில் பூவுக்கு முன்னால் கைக்களை. கிழக்கு ஏக்கரில் வேலியோரம் எண்ணினால் பதினேழு சீமைக்கருவேலம். கார்த்திகை ஈரத்தில் ஆள் விட்டுத் தோண்டி, அந்தக் குழிகளில் அன்றைக்கே கொழுக்கட்டை விதை. மருந்து தடத்தோரத்துக்கு மட்டும்.

உருப்படிகளைப் பற்றித்தான் அவருக்குச் சங்கடம். மேற்கு ஏக்கர் பூட்டினால் இருபத்தெட்டு ஆடு மூன்று ஏக்கரில் நிற்காது. ஆறு கிடாயை இப்போதே விற்றுவிடச் சொன்னேன். ஆடியில் விற்றால் விலை கூட வருமே மாமா என்றார். கூட வரட்டும், அந்த ஆறும் ஆடி வரைக்கும் எதைத் தின்னும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் படலைப் பிடித்துக்கொண்டு நின்றவர், நாலு விற்கிறேன் என்றார்.